சுவரில் ஒட்டிய விதிகள் தனியே வேலை செய்யுமா? 1968 வகுப்பறைச் சோதனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பல வகுப்பறைகளில் ஒரு சார்ட் அட்டை சுவரேறிவிடுகிறது. மேலே ‘வகுப்பறை விதிகள்’ என்று வண்ணத் தலைப்பு, கீழே பத்துப் பதினைந்து வரிகள். பேசக் கூடாது, ஓடக் கூடாது, தாமதமாக வரக் கூடாது, ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும். ஒரு மாதம் போனால் அட்டையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். அப்போது ஆசிரியர் அறையில் எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: விதிகள் போதவில்லை, கண்டிப்பைக் கூட்ட வேண்டும்.

இந்த முடிவைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1968-இல் அமெரிக்காவில் வெளியானது. சார்ல்ஸ் மாட்சன், வெஸ்லி பெக்கர், டான் தாமஸ் ஆகிய மூவரும் செய்தது. அப்போது பெக்கர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ‘ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்’ என்ற இதழின் முதல் ஆண்டிலேயே அது அச்சானது. இரண்டு ஆசிரியைகள், அவர்கள் வகுப்பிலிருந்து மூன்று குழந்தைகள், அவ்வளவுதான் ஆய்வின் அளவு. ஆனால் விதி, கண்டுகொள்ளாமை, பாராட்டு ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து வைத்து, எது என்ன செய்கிறது என்று பார்த்த விதம்தான் அதை இன்றும் படிக்க வைக்கிறது. வகுப்பறை விதிகள் பற்றிய பேச்சில் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிவிட்டு, பலன் எதனால் வந்தது என்று தெரியாமல் போவதே வழக்கம். அந்தக் குழப்பம் இதில் இல்லை.

சோதனை அமைந்த விதம்

முதல் வகுப்பறை இரண்டாம் வகுப்பு, 29 குழந்தைகள். அறிக்கையில் கிளிஃப், ஃபிராங்க் என்று குறிக்கப்படும் இரு சிறுவர்களைக் கவனிக்கத் தேர்ந்தெடுத்தார்கள். கிளிஃப் பாட நேரம் முழுவதும் மேசைக்குள் இருக்கும் பொருள்களை உருட்டிக்கொண்டும், பக்கத்தில் பேசிக்கொண்டும், எதுவும் செய்யாமலும் இருந்தவன். ஃபிராங்க் எல்லோருக்கும் பிடித்த பையன், ஆனால் இடத்தில் உட்கார முடியாதவன். இரண்டாவது வகுப்பறை மழலையர் வகுப்பு. அங்கே அடிப்பதும் பிடுங்குவதுமாக இருந்த ஒரு சிறுவனைக் கவனித்தார்கள். கட்டங்களைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது முதல் வகுப்பறையில் மட்டும்தான் என்பதால் இங்கே நம் கவனமும் அதிலேயே.

பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். குழந்தைகளோடு பேசுவதில்லை, சிரிப்பதில்லை. ஒரு குழந்தையை ஒரு நாளில் 20 நிமிடம், வாரத்தில் மூன்று நாள் கவனித்து, 10 விநாடிக்கு ஒரு முறை என்ன நடக்கிறது என்று குறியீடாகப் பதிந்தார்கள். இடத்தை விட்டு எழுதல், பொருளால் ஓசை எழுப்புதல், பிறர் பொருளில் கை வைத்தல், அடித்தல் அல்லது தள்ளுதல், அனுமதியின்றிப் பேசுதல், பின்னால் திரும்புதல் என்று ஒவ்வொன்றுக்கும் வரையறை இருந்தது. ‘அடங்காதவன்’, ‘வாலு’ போன்ற சொற்களுக்கு அந்தத் தாளில் இடமில்லை. கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியது மட்டுமே பதிவானது. ஆசிரியை எத்தனை முறை பாராட்டினார், எத்தனை முறை கடிந்தார் என்பதும் பதிவானது. இருவர் தனித்தனியே பதிந்தவை ஒத்துப்போகின்றனவா என்றும் அவ்வப்போது சரிபார்த்தார்கள்.

முதல் கட்டத்தில் ஆசிரியை வழக்கம்போல் நடந்துகொண்டார். இரண்டாம் கட்டத்தில் விதிகள் மட்டும் வந்தன. மூன்றாம் கட்டத்தில் விதிகளோடு, தவறான நடத்தையைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சேர்ந்தது. நான்காம் கட்டத்தில் இவ்விரண்டோடு சரியான நடத்தையைப் பாராட்டுவது சேர்ந்தது. ஐந்தாம் கட்டத்தில் ஆசிரியை மறுபடி பழைய முறைக்குப் போனார். ஆறாவதில் மூன்றும் மீண்டும் வந்தன.

விதி மட்டும் இருந்த கட்டம்

இந்தக் கட்டத்தில் விதிகள் ஏனோதானோ என்று எழுதப்படவில்லை. ஆசிரியைக்குத் தரப்பட்ட வழிகாட்டுதல் மிகத் துல்லியமானது. விதிகள் மனப்பாடம் ஆகும் அளவுக்குச் சுருக்கமாக இருக்க வேண்டும். ஐந்து அல்லது ஆறு போதும். சிறப்பு நேரங்களுக்கான அறிவுரையை அந்தந்த நேரத்தில் சொன்னால் போதும், அட்டையில் ஏற்ற வேண்டாம். ‘பக்கத்தில் பேசாதே’ என்பதற்குப் பதில் ‘வேலை செய்யும்போது அமைதியாக உட்கார்’ என்று, செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். மேசையில் ஒரு தாள் வைத்து, விதிகளை நினைவூட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட வேண்டும். நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை இலக்கு. யாராவது தவறு செய்த வேளையில் அல்லாமல், எல்லோரும் ஒழுங்காக இருக்கும் வேளையில் நினைவூட்ட வேண்டும்.

இன்று எந்தப் பயிற்சி முகாமிலும் இதைவிடச் சிறந்த விதி எழுதும் முறையைச் சொல்லித்தர முடியாது. இருந்தும் அந்தக் கட்டத்தில் குழந்தைகளின் நடத்தையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. விதிகள் மட்டும் செய்வது மிகக் குறைவு என்பதே ஆய்வின் முதல் முடிவு.

ஏன்? விதி ஒரு தகவல். அந்தச் சிறுவர்களுக்கு அந்தத் தகவல் முன்பே தெரியும். நடுநிலைப் பள்ளியில் வகுப்பிலேயே அதிகம் பேசும் மாணவனைத் தனியே அழைத்து, வகுப்பில் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வரி விடாமல் சொல்வான். அவனுக்குக் குறைவது விதியைப் பற்றிய அறிவு அன்று. விதிப்படி நடந்தபோது என்ன நடந்தது, மீறியபோது என்ன நடந்தது என்பதைத்தான் அவன் நடத்தை பின்பற்றுகிறது. பெரும்பாலான வகுப்புகளில் விதிப்படி நடந்தால் ஒன்றுமே நடப்பதில்லை. மீறினால் ஆசிரியர் பாடத்தை நிறுத்துகிறார், பெயர் சொல்லி அழைக்கிறார், 40 பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கண்டுகொள்ளாமல் விட்ட கட்டம்

மூன்றாம் கட்டத்தில் நிலைமை மோசமானது. ஆசிரியைக்கும் அது பெரும் சிரமமாக இருந்தது. ‘கெட்ட பழக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் தானாகப் போய்விடும்’ என்ற அறிவுரையைக் கேட்டு ஒரு வாரம் முயன்று, வகுப்பு கைமீறிப் போவதைக் கண்ட ஆசிரியர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் திறமையில் குறையில்லை. அந்த அறிவுரையே பாதிதான்.

இதற்குக் காரணங்கள் மூன்று. ஆசிரியர் கவனம் நின்றாலும் சக மாணவர்களின் கவனம் நிற்பதில்லை. மூன்றாம் பெஞ்சில் எழும் சிரிப்பே அவனுக்குப் போதும். இரண்டாவது, இதுவரை கிடைத்துவந்த கவனம் திடீரென்று நின்றால், நடத்தை குறைவதற்கு முன் சில நாள் ஏறும். மெதுவாகத் தட்டியவன் ஓங்கித் தட்டுவான். அந்த உச்சத்தில் பொறுமை இழந்து ஆசிரியர் கத்திவிட்டால், ‘இவ்வளவு சத்தம் போட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்’ என்று அவனுக்குக் கற்பித்தது ஆகிவிடும். மூன்றாவதுதான் அடிப்படை: கண்டுகொள்ளாமை, என்ன செய்ய வேண்டும் என்று எதையும் சொல்வதில்லை. பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் விடுகிறது.

அந்த ஆய்விலும் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு குழந்தைக்கு இன்னொரு குழந்தையால் அடி விழும் நிலை வந்தால் கண்டுகொள்ளாமை பொருந்தாது, அப்போது தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும், முடிந்தவரை ஒரு சலுகையை விலக்குவதாக அது இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். நம் பள்ளிகளில் இந்தப் பட்டியல் நீள வேண்டும்: அடிதடி, காம்பஸ் முனை போன்ற கூர்மையான பொருள்கள், சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துதல், உடலையோ நிறத்தையோ கேலி செய்தல், விரும்பாத தொடுதல், அனுமதியின்றி வளாகத்தை விட்டு வெளியேறுதல். இவற்றுள் எதையும் ஒரு முறைகூடக் காணாததுபோல் கடக்கக் கூடாது. ஆசிரியர் பார்த்தும் பேசாமல் இருந்தார் என்பதே பாதிக்கப்பட்ட குழந்தையின் மனத்தில் நிற்கும்.

கண்டுகொள்ளாமல் விடத் தகுந்தவை சிறியவை: பென்சில் உருட்டுவது, ஒரு கணம் திரும்பிப் பார்ப்பது, முணுமுணுப்பது, கேள்வி முடியும் முன்பே ‘மிஸ், நான் சொல்றேன், நான் சொல்றேன்’ என்று கத்துவது. கடைசியில் சொன்னதில் பலர் தடுமாறுகிறார்கள். கத்திய விடை சரியாக இருந்தால் ‘கரெக்ட்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் கை உயர்த்தாததற்குத் திட்டுகிறார்கள். மாணவன் எடுத்துக்கொள்வது அந்தக் ‘கரெக்ட்’டைத்தான்.

பாராட்டு சேர்ந்த கட்டம்

நான்காம் கட்டத்தில் தவறான நடத்தையின் வரைபடம் சட்டென்று கீழே இறங்கியது. விதி, கண்டுகொள்ளாமை இரண்டும் முன்போலவே இருந்தன. புதிதாகச் சேர்ந்தது ஒன்றுதான்: விதிப்படி நடக்கும் குழந்தையைப் பார்த்து, எதற்காக என்று குறிப்பிட்டு, ஆசிரியை சொன்ன சொல். தவறு செய்துகொண்டிருந்தவன் சரியாக நடக்கும் முதல் அறிகுறியிலேயே, மிகச் சிறியதாக இருந்தாலும், சொல்லிவிட வேண்டும் என்பது அவருக்குத் தந்த அறிவுரை. நிறுத்த விரும்பும் நடத்தையோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத நடத்தையைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது இன்னொன்று. எழுதிக்கொண்டிருக்கும் கை பக்கத்துப் பையனைக் கிள்ளாது.

இத்தனை நாளில் குழந்தைகள் தாமாகவே பக்குவப்பட்டிருக்கலாம் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். ஐந்தாம் கட்டம் அதற்குத்தான். ஆசிரியை பழைய முறைக்குத் திரும்பியதும் பழைய நடத்தையும் திரும்பியது. ஆறாம் கட்டத்தில் மூன்றையும் கொண்டுவந்ததும் மறுபடி இறங்கியது. பக்குவம் இப்படி ஏறி இறங்காது. வகுப்பை நல்லபடி நடத்துவதற்குப் பாராட்டே திறவுகோலாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

அதே ஆண்டில் தாமஸ், பெக்கர், ஆம்ஸ்ட்ராங் மூவரும் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். நன்றாக நடந்துகொண்டிருந்த 28 பேர் வகுப்பில் ஆசிரியரின் பாராட்டை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திய ஒவ்வொரு முறையும் குழப்பம் கூடியது. பிறகு கடிந்துகொள்வதை மூன்று மடங்காக்கியபோது, எழுந்து நடப்பதும் ஓசை எழுப்புவதும் இன்னும் தெளிவாகக் கூடின. நல்ல வகுப்பு என்று ஒன்று தானாக அமைவதில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேட வேண்டியதில்லை.

‘உட்கார்’ என்ற சொல்லின் கணக்கு

பெக்கரும் மாட்சனும் சேர்ந்திருந்த இன்னொரு ஆய்வு, இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்திய 48 குழந்தைகள் கொண்ட முதல் வகுப்பில் நடந்தது. தொடக்கத்தில் 20 நிமிடத்துக்குச் சுமார் 7 முறை ‘உட்கார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுமார் 27 முறையாக உயர்த்தச் சொன்னதும், எழுந்து நிற்பவர்கள் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. உட்காரச் சொல்வதை விட்டுவிட்டு, உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பாராட்டத் தொடங்கியதும் குறைந்தது.

ஆசிரியரின் கண்ணுக்கு இது ஏன் தெரிவதில்லை என்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. ‘உட்கார்’ என்றால் அந்தக் குழந்தை அந்தக் கணமே உட்காருகிறது. ‘சைலன்ஸ்!’ என்று மேசையைத் தட்டினால் வகுப்பு அரை நிமிடம் அமைதியாகிறது. அந்த அரை நிமிட அமைதி ஆசிரியருக்குக் கிடைக்கும் பரிசு. ஆகவே அடுத்த முறையும் தட்டுகிறார். ஒவ்வொரு தட்டும் தனித்தனியே பார்த்தால் வெற்றி. ஒரு பாடவேளை முழுக்க எண்ணினால்தான் தட்டுகளும் கூடின, சத்தமும் கூடியது என்பது தெரியும். எண்ணாமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அனுபவம் மிக்க ஆசிரியர்களும் இதில் ஏமாறுவது அதனால்தான்.

வகுப்புத் தலைவன் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று பெயர் எழுதும் வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆசிரியர் இல்லாத பத்து நிமிடத்துக்கு அது வசதியான ஏற்பாடு. ஆனால் அது மீறலை மட்டுமே பதிகிறது; பலகையில் பெயர் ஏறுவதே சிலருக்கு மேடை ஏறுவதாகிறது; நண்பன் பேசினால் சாக்பீஸ் எழுதாது; பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள் கூடும். அதே பலகையில், மணி அடித்ததும் நோட்டைத் திறந்த பெஞ்சுகளின் எண்களை எழுதச் சொன்னால் ஏற்பாடு மாறாமலே அதன் திசை மாறும்.

நம் வகுப்பறைக்கு இதைக் கொண்டுவருவது

29 பேரில் செய்ததை 40, 45 பேர் கொண்ட வகுப்பில் செய்யலாம். வரிசை மட்டும் தவறக் கூடாது: முதலில் எண்ணுதல், பிறகு விதி, அதன்பின் பாராட்டு.

எண்ணுவதற்குப் பின் சுவரோரம் ஒரு சக ஆசிரியர் 20 நிமிடம் உட்கார்ந்தால் போதும். வெவ்வேறு வரிசையிலிருந்து 10 மாணவர்களை அவர் தேர்ந்துகொள்ளட்டும், யார் என்று மாணவர்களுக்குத் தெரிய வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு முறை பத்துப் பேரையும் பார்த்து, அந்தக் கணத்தில் சொன்ன வேலையில் இல்லாதவர்கள் எத்தனை என்று எழுத வேண்டும். 20 நிமிடத்தில் 200 பார்வைகள். அவற்றில் 84 வேலையில் இல்லாதவை என்றால் 42 விழுக்காடு. அதே தாளின் அடியில் ஆசிரியரின் பாராட்டு, கண்டிப்பு இரண்டுக்கும் தனித்தனிக் கோடுகள். ஐந்து நாள் இப்படி எடுத்த பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும். கண்டிப்புக் கோடுகள் பாராட்டைவிடப் பல மடங்கு இருப்பதைக் கண்டு மனம் சோர வேண்டியதில்லை. பெரும்பாலான வகுப்புகளின் தொடக்கம் அதுதான். சக ஆசிரியர் கிடைக்கவில்லை என்றால் இடது சட்டைப்பையில் இருபது புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு, பாராட்டும்போதெல்லாம் ஒன்றை வலப் பைக்கு மாற்றினால் உங்கள் பக்கத்துக் கணக்காவது கிடைக்கும்.

விதிகள் ஐந்து. பின் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அந்நியர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் ஆம், இல்லை என்று சொல்ல முடிகிறதா என்பதே ஒவ்வொரு விதிக்கும் சோதனை. ‘ஒழுக்கமாக இருப்போம்’, ‘ஆசிரியரை மதிப்போம்’ இரண்டும் இந்தச் சோதனையில் தோற்கும். நடுநிலை வகுப்புக்கு இப்படி எழுதலாம்:

மணி அடித்ததும் இடத்தில் அமர்ந்து, அந்தப் பாடத்தின் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்து வைப்போம்.
பேச வேண்டும் என்றால் கை உயர்த்துவோம்.
ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம்.
இடத்தை விட்டு எழும் முன் கேட்போம்.
பிறர் பொருளைக் கேட்டுவிட்டு எடுப்போம்.

குழுவாக வேலை செய்யும்போது கை உயர்த்தும் விதி பொருந்தாது. அந்த நேரத்துக்கான அறிவுரையை அப்போதே சொல்லுங்கள்: ‘இப்போ குழு வேலை, உங்க நாலு பேருக்கு மட்டும் கேட்கிற குரல்ல பேசலாம்.’ இதைச் சொல்லாமல் விட்டால் ஒரு நேரம் அனுமதித்ததையே மறு நேரம் தண்டித்ததாகிவிடும். விதி செத்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விதியை வாசித்துக் காட்டுவது கற்பித்தல் ஆகாது. 1980-இல் எம்மர், எவர்ட்சன், ஆண்டர்சன் மூவரும் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களை ஆண்டின் தொடக்க வாரங்களில் கவனித்து எழுதியதில், வகுப்பை நன்றாக நடத்தியவர்கள் விதிகளையும் நடைமுறைகளையும் பாடம்போலவே விளக்கி, செய்து காட்டி, செய்யவைத்து, சரிபார்த்தார்கள் என்பது முக்கியமான செய்தி. தாள் திரும்பக் கொடுப்பது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது, வேலை முடித்தவர்கள் என்ன செய்வது, தண்ணீர் குடிக்கப் போகும் முறை எல்லாம் அதில் அடங்கும். முதல் வாரத்தில் நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பாடத்திட்டம் பின்தங்கிவிடும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் ‘அமைதி’ என்று சொல்வதில் கரையும் நிமிடங்களை ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் அந்த அச்சம் நிற்காது.

பாராட்டில்தான் அதிகம் தவறுகிறது. ‘வெரி குட், வெரி குட்’ என்று எல்லோருக்கும் தூவுவது எதையும் தெரிவிப்பதில்லை. ‘மணி அடிச்ச உடனே மூணாவது பெஞ்சு புத்தகத்தை எடுத்துட்டாங்க’ என்பது தெரிவிக்கிறது. ‘கையைத் தூக்கிட்டுக் காத்திருந்தே, சொல்லும்மா’ என்பதும் தெரிவிக்கிறது. முதல் மதிப்பெண் வாங்கும் நால்வரையே பாராட்டிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு அது தங்களைச் சேராத பேச்சு. ‘பாரு, அவன் எப்படி உக்காந்திருக்கான்! நீயும் இருக்கியே!’ என்பதில் முதல் வாக்கியம் பாராட்டு, இரண்டாவது அதைத் தண்டனையாக்குகிறது. பாராட்டு வாங்கியவனுக்கும் இடைவேளையில் பகை மிஞ்சுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் வகுப்பறிய வரும் பாராட்டு பலருக்குக் கூச்சம். நடந்துபோகும்போது மேசையருகே தாழ்ந்த குரலில் ஒரு வரி, அல்லது நோட்டில் எழுதிய ஒரு வரி அவர்களுக்குப் பொருந்தும்.

அதிகம் தொல்லை தரும் மாணவனைப் பாராட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். அவன் பேனா எடுத்த நொடி, தலைப்பு எழுதிய நொடி, பதினைந்து விநாடி கரும்பலகையைப் பார்த்த நொடி, எல்லாம் அந்தத் தருணம்தான். ஆசிரியர் மேசையில் உட்கார்ந்திருந்தால் அந்த நொடிகள் தப்பிவிடும். நடந்துகொண்டே பாடம் நடத்தினால் கிடைக்கும்.

கண்டிப்புக்கு இடமே இல்லையா?

உண்டு. 1968 ஆய்வை ‘பாராட்டு மட்டும் போதும்’ என்று படிப்பது மிகையாகும். 1985-இல் ஃபிஃப்னர், ரோசன், ஓ’லியரி ஆகியோர் நடத்தைச் சிக்கல் உள்ள தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் கண்டிப்பை முழுதும் விலக்கிப் பார்த்தபோது, வழக்கமான அளவுப் பாராட்டு மட்டும் வகுப்பைத் தாங்கவில்லை. எனவே எப்படிக் கண்டிப்பது என்பது முக்கியமாகிறது. டேனியல் ஓ’லியரி என்ற வேறொருவரும் உடனிருந்தோரும் 1970-இல் இரண்டு வகைக் கண்டிப்பை ஒப்பிட்டார்கள்: வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்வது, அருகே போய் அந்த மாணவனுக்கு மட்டும் கேட்கச் சொல்வது. தாழ்ந்த குரல் கண்டிப்பில் தொல்லை குறைந்தது. கவனம் என்ற பரிசை அது தருவதில்லை, மானத்தையும் காக்கிறது.

1969-இல் பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் மூவரும் கன்சாஸ் மாநிலத்தில் 24 பேர் கொண்ட நான்காம் வகுப்பில் செய்ததும் இங்கே சேரும். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, அனுமதியின்றிப் பேசினாலோ எழுந்தாலோ அந்த அணிக்குப் பலகையில் ஒரு கோடு போட்டார்கள். குறைந்த கோடு வாங்கிய அணி வெல்லும். இரண்டு அணிகளும் ஐந்து கோடுகளுக்கு மிகாமல் இருந்தால் இரண்டுமே வெல்லும். பரிசுகள் எளியவை: மார்பில் வெற்றிச் சீட்டு, பட்டியலில் நட்சத்திரம், மதிய உணவுக்கு முதலில் வரிசையில் நிற்பது, நாளின் கடைசியில் கொஞ்சம் விருப்ப நேரம். கவனித்த நேரத் துண்டுகளில் பேச்சு பதிவானது 96 விழுக்காட்டில் இருந்து 19-க்கும், எழுந்து நடப்பது 82-இல் இருந்து 9-க்கும் குறைந்தன. இங்கே விதிகள் ‘கூடாது’ என்றே இருந்தன. அப்படியும் வேலை செய்யக் காரணம், ஒவ்வொரு மீறலுக்கும் அதே நொடியில், வசவு இல்லாமல், ஒரே ஒரு சிறிய கோடு தவறாமல் விழுந்தது. ஒழுங்குக்கும் தவறாமல் பலன் கிடைத்தது.

இந்த விளையாட்டை எடுத்தாள்பவர்கள் ஒரு அபாயத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவனால் அணி தோற்றால் அவன்மேல் மற்றவர்கள் பாய்வார்கள். விளையாட மாட்டேன் என்று சொல்லி வேண்டுமென்றே கோடு சேர்த்தவர்களை அந்த ஆசிரியர் தனி அணியாக்கிவிட்டார். மற்றவர்கள் பாதிக்கப்படவில்லை. அணிகளைச் சாதி, ஊர், மதிப்பெண் என எந்த வழியிலும் பிரியாதபடி வாரந்தோறும் கலைத்துப் போடுவது நம் பள்ளிகளில் கட்டாயம்.

எந்தத் தண்டனையைத் தொடவே கூடாது என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறுவோர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு. பிரம்பு மட்டும் இதில் அடங்குவதாக நினைப்பது பிழை. முட்டி போட வைப்பதும், வகுப்பின் முன் இழிவாகப் பேசுவதும் அடங்கும். சட்டம் தொடாத சிலவற்றையும் விட்டுவிட வேண்டும். இம்போசிஷன் எழுதச் சொன்னால் எழுதுவதே தண்டனை என்று குழந்தை கற்கிறது. பி.டி. பீரியடைப் பறித்தால், ஓடியாட வேண்டிய தேவை அதிகம் உள்ளவனிடமே அதைப் பறிக்கிறோம். அடுத்த பாடவேளையில் அவன் இன்னும் நெளிவான். இடைவேளை கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் உரிய நேரம், அதைப் பேரத்தில் வைக்கக் கூடாது. மிஞ்சுவது ஒரு குறுகிய ஏணி: அருகே போய் ஒரு வரி, பிறகு சற்று நேரம் இட மாற்றம், பிறகு அணியின் விருப்ப நேரத்தில் சில நிமிடக் குறைப்பு, அதன்பின் பெற்றோருடன் பேச்சு. பெற்றோரை நல்ல செய்திக்காக ஒரு முறையாவது முன்பே அழைத்திருந்தால் அந்தப் பேச்சு வேறுவிதமாகப் போகும்.

பல ஆசிரியர்கள் வந்துபோகும் வகுப்பில்

ஆறாம் வகுப்பு முதல் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். தமிழ் வகுப்பில் கை உயர்த்தும் மாணவனே கணக்கு வகுப்பில் கத்துவதைக் கண்டு, விதி தோற்றுவிட்டது என்று வகுப்பாசிரியர் சோர்வதுண்டு. அது தோல்வி இல்லை. எந்த ஆசிரியரிடம் எதற்குப் பலன் என்பதை மாணவர்கள் துல்லியமாகப் பிரித்தறிகிறார்கள், அவ்வளவுதான். கன்சாஸ் வகுப்பிலும் கணக்குப் பாடவேளையில் மட்டும் விளையாட்டைத் தொடங்கியபோது வாசிப்புப் பாடவேளை மாறவில்லை. அங்கும் தொடங்கிய பிறகே மாறியது. ஆகவே வகுப்பாசிரியர் அந்த ஐந்து விதிகளை ஒரு தாளில் எழுதி வருகைப் பதிவேட்டுக்குள் வைத்து, மற்ற ஆசிரியர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டால் போதும்: கத்திய விடையை ஏற்க வேண்டாம், கை உயர்த்தியவரைக் கூப்பிடுங்கள். ஐந்தையும் எல்லோரும் கடைப்பிடிக்கச் சொல்வதைவிட ஒன்றை எல்லோரும் தவறாமல் கடைப்பிடிப்பது அதிகம் பயன் தரும். மாற்று ஆசிரியர் வரும் நாளில் அந்தத் தாள் அவர் கைக்குப் போக வேண்டும்.

நடத்தை நிலைபெற்ற பிறகு பாராட்டின் அடர்த்தியைக் குறைக்கலாம், ஆனால் படிப்படியாக. முதல் இரண்டு வாரம் நிமிடத்துக்கு ஒரு முறை சொன்னவர், அடுத்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, பிறகு பாடவேளைக்கு நாலைந்து என்று இறங்கலாம். ஒவ்வொரு படியிலும் அந்த 20 நிமிடக் கணக்கை ஒரு நாள் எடுங்கள். விழுக்காடு ஏறினால் முந்தைய படிக்குப் போங்கள். முழுதாக நிறுத்தினால் ஐந்தாம் கட்டத்தில் நடந்ததுதான் நடக்கும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் முடிந்து வரும் முதல் இரண்டு நாளும் முதல் வாரம்போலவே. விதிகளை மறுபடி செய்துகாட்டி, பாராட்டைப் பழைய அடர்த்திக்கு ஏற்றித் தொடங்க வேண்டும்.